ஒரு கோட்டுக்கு ஒரு வேலை: பிளாஸ்மா வெட்டுக்கு வரைபடத்தைப் பிரிப்பது எப்படி?



திவெட் கல்லூரியில் படிக்கிறவர்களும் வெல்டிங் பட்டறையில் வேலை பழகுகிறவர்களும் நம் இளைஞர்களில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் இந்த முறை நேரடியாக ஒரு தொழில் பாடம். கணினி ஓட்டும் பிளாஸ்மா மேசையில் இரும்புத் தகடு வெட்டுவதற்கு முன், வரைபடத்தை எப்படி அடுக்கு அடுக்காகப் பிரிக்க வேண்டும், ஒவ்வோர் அடுக்குக்கும் என்ன விதி வைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பாடத்துக்கு முன்னால் ஒரு சம்பவம். தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு கோயிலுக்குக் கேட் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. 600க்கு 900 மில்லிமீட்டர், 6 மில்லி மைல்ட் ஸ்டீல் தகடு. நடுவில் வேல், மேலே ‘ஓம்’, நான்கு மூலையிலும் போல்ட் போட 12 மில்லி துளை. படம் வரைந்தது நான். எல்லாக் கோட்டையும் ஒரே அடுக்கில் போட்டு மெஷினுக்கு அனுப்பிவிட்டேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியது எங்களிடம் வேலை பழகிய ஒரு பையன்.

மெஷின் என்ன செய்தது தெரியுமா? முதலில் வெளி விளிம்பை வெட்டியது. கீழே இருந்த சட்டங்கள் பழசு, ஒரு பக்கம் தாழ்ந்திருந்தன. வெட்டு முடிந்ததும் 25 கிலோ தகடு ‘டொம்’மென்று சாய்ந்து நகர்ந்துவிட்டது. அது தெரியாத மெஷின் பழைய இடத்திலேயே வேலையும் துளையும் வெட்டிக்கொண்டு போனது. துளைகள் ஓரத்தில் போய் விழுந்தன. தகடு வீண்.

எல்லாரும் பையனைத்தான் பார்த்தார்கள். “நீதானேடா அழுத்தின?” நானும் நாலு வார்த்தை ஏசிவிட்டேன். ராத்திரி படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு பட்டனில் இல்லை, என் வரைபடத்தில். எதை முதலில் வெட்ட வேண்டும் என்று நான் மெஷினுக்குச் சொல்லவே இல்லை. அதை அந்தப் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்.

அடுக்கு என்றால் என்ன?

அடுக்கு என்பதை ஒரு கண்ணாடித் தாள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் துளைகள் மட்டும், இன்னொன்றில் வெளி விளிம்பு மட்டும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முழுப் படம் தெரியும். வேண்டாததை மறைத்தும் வைக்கலாம். ஆட்டோகேட், லிப்ரேகேட் போன்ற மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. படத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்தால் அடுக்குகளும் கூடவே போகும். ஷீட்கேம் போன்ற வெட்டு மென்பொருள் அந்த அடுக்குகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைக்க விடும்.

நாங்கள் அடுக்குகளுக்கு எண் வைத்துக் கூப்பிடுகிறோம். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் சில பழைய மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தெரியும். எண் என்றால் எல்லாருக்கும் புரியும்.

10 – குறி. பிறகு டிரில் போட வேண்டிய இடத்துக்கு அடையாளம்.
20 – சின்னத் துளை.
30 – உள்வெட்டு. வேல், எழுத்து, பூ வேலை.
40 – வெளி விளிம்பு.
90 – அளவு, குறிப்பு, மையக்கோடு. இது வெட்டவே கூடாது.

எண்ணைப் பார்த்தாலே வரிசை தெரிகிறது இல்லையா? சின்ன எண் முதலில், 40 கடைசியில். உள்ளே இருப்பதெல்லாம் முடியும்வரை தகடு தாய்த்தகட்டோடு ஒட்டியிருக்கும், நகராது. ஒரே பெரிய தகட்டில் பத்துத் துண்டு வெட்டினாலும், ஒவ்வொரு துண்டாக இந்த வரிசையில் முடிக்கச் சொல்லுங்கள். வெட்ட வெட்டத் தகடு சூடேறிக் கொஞ்சம் நகரும். ஒரு துண்டின் துளையையும் விளிம்பையும் அடுத்தடுத்து வெட்டினால் அந்த வித்தியாசம் அதிகம் தெரியாது.

ஒவ்வோர் அடுக்குக்கும் விதி

முதல் விதி, வெட்டு அகலம். பிளாஸ்மா கத்தி மாதிரி மெல்லிய கோடு போடாது. போகிற வழியில் கொஞ்சம் இரும்பைத் தின்றுவிடும். அந்த அகலம் 1.5 மில்லி என்று வைத்துக்கொள்வோம். சரியாகக் கோட்டின்மேலேயே வெட்டினால், 12 மில்லி துளை 13.5 ஆகிவிடும். 300 மில்லி துண்டு 298.5 ஆகச் சுருங்கிவிடும். அதனால் 20, 30 அடுக்குகளில் டார்ச் கோட்டுக்கு உள்பக்கமாக 0.75 மில்லி தள்ளிப் போக வேண்டும். 40-ல் வெளிப்பக்கமாக 0.75 தள்ளிப் போக வேண்டும். பாருங்கள், இரண்டும் நேர் எதிர். ஒரே அடுக்கில் போட்டால் இதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

இரண்டாவது, திசை. வழக்கமான டார்ச்சில் வாயு சுழன்று வருவதால், போகிற திசைக்கு வலப்பக்க விளிம்புதான் நேராக வரும். இடப்பக்கம் சாய்வாக இருக்கும். ஆகவே நமக்கு வேண்டிய இரும்பு எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். வெளி விளிம்பைக் கடிகார முள் சுற்றும் திசையிலும், துளையையும் உள்வெட்டையும் அதற்கு எதிர்த்திசையிலும் வெட்டுங்கள்.

மூன்றாவது, நுழையும் இடம். டார்ச் தகட்டைத் துளைக்கும் இடத்தில் அசிங்கமாக ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் கழிவில் விழட்டும். துளைக்கு நடுவிலிருந்து தொடங்குங்கள், வெளி விளிம்புக்கு வெளியிலிருந்து தொடங்குங்கள். துளைக்கும்போது டார்ச் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் இரும்பு நாசிலைக் கெடுத்துவிடும். வெட்டும் உயரம் 1.5 மில்லி என்றால் துளைக்கும் உயரம் 3.8 மில்லி என்பது போல இருக்கும். உங்கள் மெஷினுக்கான சரியான எண், அதன் கையேட்டில் அட்டவணையாக இருக்கும். குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

நான்காவது, சின்னத் துளைக்குத் தனி வேகம். எங்கள் பட்டறையில் 30 மில்லிக்குக் குறைந்த துளை எல்லாம் அடுக்கு 20-க்குப் போகும். வழக்கமான வேகத்தில் 60 விழுக்காடுதான். உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவியையும் அங்கே நிறுத்தி வைப்போம். ஏன்? அந்தக் கருவி மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் உயரத்தைக் கணிக்கிறது. டார்ச் மெதுவாகப் போனால் கீழே இரும்பு அதிகம் உருகி மின்னழுத்தம் ஏறும். “ஆஹா, டார்ச் மேலே போய்விட்டது” என்று கருவி தப்பாக நினைத்து, டார்ச்சைக் கீழே இறக்கித் தகட்டில் முட்டிவிடும். துளை தகட்டின் தடிமனைவிடச் சின்னது என்றால் பிளாஸ்மாவில் வெட்டவே வேண்டாம். அடுக்கு 10-ல் போட்டு ஒரு சின்னக் குழி மட்டும் வைத்துவிட்டு, டிரில் போடுங்கள்.

‘ஓம்’ வெட்டும்போது

தமிழ் எழுத்து வெட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எழுத்தைத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தால், ‘ஓ’வின் சுழிக்குள் இருக்கும் இரும்பும் சேர்ந்து கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். குறைந்தது தகட்டின் தடிமன் அளவு அகலம் வைப்பது எங்கள் வழக்கம். எழுத்தையே இரும்பாக வெட்டி ஒட்டப் போகிறோம் என்றால், ‘ம்’மின் புள்ளி தனியாக வந்துவிடும். அதைத் தேடி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், இல்லாவிட்டால் ‘ஓம்’ ‘ஓம’ ஆகிவிடும்!

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை

ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். கோடு எங்காவது முழுதாக மூடாமல் இருக்கிறதா? அப்படி இருந்தால் எது உள், எது வெளி என்று மென்பொருளுக்குத் தெரியாது, அகலத்தைத் தள்ளியும் வெட்டாது. ஒரே கோடு இரண்டு தடவை இருக்கிறதா? இருந்தால் வெட்டிய இடத்திலேயே திரும்ப வெட்டப் போய், கீழே இரும்பு இல்லாமல் மெஷின் திணறும். 90-ஆம் அடுக்கு அணைந்திருக்கிறதா? கடைசியாகத் திரையில் வெட்டை ஓட்டிப் பார்த்து, வெளி விளிம்பு கடைசியில்தான் வருகிறது என்று கண்ணால் உறுதி செய்யுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை.

மேசைக்குப் போகும்போது கண்ணுக்குத் தகுந்த கறுப்புக் கண்ணாடி, கையுறை, பருத்திச் சட்டை. புகையை இழுக்கும் விசிறி ஓடட்டும். துத்தநாகம் பூசிய தகட்டை அப்படியே வெட்டாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் அவனிடம், “தம்பி, தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கோ” என்று சொன்னேன். தகட்டுக் காசும் என் கணக்கில்தான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து படத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்தோம். இரண்டாவது தகடு சரியாக வந்தது, கேட்டும் தைப்பூசத்துக்கு முன்னால் ஏறியது. இன்றைக்கு எங்கள் பட்டறையில் அவன் பார்த்துச் சரி சொல்லாமல் எந்தப் படமும் மெஷினுக்குப் போகாது, நான் வரைந்தது உள்பட.

பயிற்சி: 200க்கு 200 மில்லி தகடு, நான்கு மூலையில் 10 மில்லி துளை, நடுவில் உங்கள் பெயரின் முதல் எழுத்து. இதை வரைந்து அடுக்குகளாகப் பிரியுங்கள். எது எந்த எண், எந்தத் திசை, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் நண்பரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் வெட்டிவிட முடியும் என்றால், நீங்கள் பாஸ்.