டிஷ்ஷா, வயரா? கொலன்னாவைத் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த இரண்டு வர்ணத் துண்டுப்பிரசுரங்களும் கிடைத்தன. ஒரே கிழமையில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து, ஒருவர் டயலொக் டிவி டிஷ் பூட்டித் தருகிறேன் என்றும் மற்றவர் வயர் இழுத்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமிக்குத் தமிழ் சீரியல், உங்கள் கணவருக்குக் கிரிக்கெட், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். மேல்மாடி வாடகை வீடு. மேற்குப் பக்கம் வீட்டுக்காரரின் பலா மரம். இவ்வளவையும் எழுதிவிட்டு, "எதை எடுக்கிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள் ஐயா" என்று முடித்திருக்கிறீர்கள். ஒரு வரியில் சொல்ல விடாமல் தடுப்பது அந்தப் பலா மரம்தான்.

முதலில் டிஷ்காரர். டயலொக் டிவியின் சிக்னல் வருவது கிழக்கு நெடுங்கோடு 45 பாகைக்கு நேர்மேலே நிற்கும் துணைக்கோளிலிருந்து. 2018இல் அந்தத் துணைக்கோள் அசர்பைஜான் நாட்டுக்கும் இன்டெல்சட் நிறுவனத்துக்கும் பொதுவாக ஏவப்பட்டது. உங்கள் மாமியின் சீரியல் அசர்பைஜான்காரரின் தோளில் ஏறித்தான் கொலன்னாவைக்கு வருகிறது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார், ஆனால் உண்மை. கொழும்பு இருப்பது ஏறக்குறைய 80 பாகையில். ஆகவே டிஷ் மேற்கே பார்க்கவேண்டும். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், சுமார் 49 பாகை உயரத்தை நோக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்பக்கத்து வீடுகளுக்கு இது அதிர்ஷ்டம், முன்னால் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்னால் பலா.

பூட்ட வருகிறவர் வெயில் நேரத்தில் மீற்றரைக் காட்டி "சிக்னல் சுப்பர்" என்பார். நனைந்த இலைக்குப் பின்னால் அதே சிக்னல் நிற்காது. அதோடு, பலா வருடா வருடம் வளரும். இதைப் பார்க்க மீற்றர் தேவையில்லை. மார்ச் மாதம் மூன்றாவது கிழமையிலும் செப்டெம்பர் கடைசிக் கிழமையிலும் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிச் சூரியன் அந்தத் துணைக்கோள் நிற்கும் திசையில்தான் இருக்கும். டிஷ் வைக்கப்போகும் மூலையில் அந்நேரம் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. பலாவின் நிழல் விழுந்தால் வந்தவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். (அந்த நாட்களில் சூரியன் நேர்பின்னால் வருவதால் சில நிமிடம் படம் போவதும் உண்டு. அதற்காக யாரோடும் சண்டை பிடிக்கவேண்டாம்.)

அடுத்தது மழை. துணைக்கோள் நிற்பது 35,786 கிலோமீற்றர் உயரத்தில். அவ்வளவு தூரமும் சுகமாக வந்த சிக்னல் கடைசி நாலைந்து கிலோமீற்றரில் மழையிடம் தோற்கும். சின்ன டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். தடித்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். தொண்ணூறுகளில் சில மொட்டைமாடிகளில் நின்ற ஆறடி, எட்டடி வலைத் தட்டுகள் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. அவை பிடித்த அலை மூன்று மடங்கு நீளமானது, அதனால் மழைக்கு அவ்வளவாக அசையவில்லை. இன்றைய சின்னத் தட்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை இறங்கும்போது நீலத்திரை காட்டும். அதுவும் சரியாகச் சீரியல் நேரத்தில். பத்து, இருபது நிமிடம்தான், ஆனால் மாமிக்கு அந்த இருபது நிமிடத்தில்தான் கதை நடக்கும்.

இனி வயர்காரர். அவர் "வயர்" என்று சொல்வதில் மூன்று வேறு சாமான்கள் ஒளிந்திருக்கின்றன. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி ஒன்று. தூண் தூணாக வரும் கேபிள் ஒன்று. கண்ணாடி இழையான பைபர் இன்னொன்று. ஸ்ரீலங்கா டெலிகொம்மின் பியோ டிவி 2008இல் தொடங்கியபோது செம்புக் கம்பியில்தான் வந்தது, இப்போது பைபரில் வருகிறது. செம்பு என்றால் இணைப்புப் பெட்டியில் தண்ணீர் போன அன்று படம் சதுரம் சதுரமாக உடையும். 2016 மே மாதம் களனி கங்கை கரை மீறி வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் தண்ணீருக்குள் நின்றதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவேண்டும், நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் மேல்மாடி நனையாமல் இருக்கலாம். ஆனால் ஒழுங்கை முனைப் பெட்டிக்கு மேல்மாடி கிடையாது.

தூண் கேபிளில் வேறொரு தொல்லை. வழியில் உள்ள அம்பிளிபயர்களுக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும், அடுத்த வீதியில் கரண்ட் போயிருக்கும், உங்கள் டீவி இருளும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டியபோது நாங்கள் படித்த பாடம் இது. பைபரில் மழையும் ஈரமும் அவ்வளவு கரைச்சல் தராது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது என்பதால் இடி அதன் வழியாக வீட்டுக்குள் வராது. செம்புக் கம்பியும் டிஷ் வயரும் அப்படியல்ல, இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும்.

ஆகவே வயர்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை சனல் என்பதல்ல. "என் சுவர் வரைக்கும் பைபரா, தூண் வரைக்கும் பைபரா?" என்று கேளுங்கள். தலையைச் சொறிந்தால் விடை தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன இந்தியப் பெட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். படம் வரும், மறுக்கவில்லை. இந்தியாவுக்கென்று விழும் அலை கடல் தாண்டி இங்கேயும் சிந்துகிறது. ஆனால் காசு கட்டுவது கடைக்காரர் ஒருவரின் கையில், இந்தியாவிலுள்ள ஏதோ ஒரு பெயரில். 2010 ஜூலையில் இன்சட் 4பி துணைக்கோளில் மின்கோளாறு வந்து, இந்திய டிஷ் நிறுவனமான சன் டைரக்ட் வேறு துணைக்கோளுக்கு ஓடவேண்டி வந்தது. அப்படி ஒரு நாளில் சென்னைக்காரர் தொலைபேசி எடுத்து ஏசலாம். நீங்கள் யாருக்கு எடுப்பீர்கள்? எனக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை.

காசு விசயத்தில் இந்தியாவைப் பார்த்துப் பெருமூச்சு விட ஒரு காரணம் உண்டு. 2011இல் தமிழ்நாட்டு அரசு கேபிள் மாதம் 70 ரூபாவுக்கு இணைப்புக் கொடுத்தது. 2019இலிருந்து அங்கே ஒவ்வொரு கட்டணச் சனலுக்கும் தனி விலை அறிவிக்கவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இங்கே மூட்டையாகத்தான் தருகிறார்கள், வேண்டிய ஒரு கத்தரிக்காய்க்காக வேண்டாத பத்துப் பூசணிக்காயும் தூக்கவேண்டும். வெளிநாட்டுச் சனல்களுக்கு நிறுவனங்கள் டொலரில் காசு கொடுக்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு, அந்தச் செப்டெம்பரில் கட்டண டீவிக்கு 25 வீத உயர்வு அனுமதிக்கப்பட்டது. ஆகவே துண்டுப்பிரசுரத்தில் இன்று இருக்கும் விலையை அடுத்த வருடத்து விலையாக நினைக்கவேண்டாம்.

என் கதையையும் கேளுங்கள். கொட்டாஞ்சேனையில் இருந்தபோது ஒரு நிறுவனத்திடம் டிஷ் வாங்கினேன். வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு மாறியபோது, இடம் மாற்றித் தர ஒரு தொகை கேட்டார்கள், கட்டினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், பல்கனியில் எதுவும் பூட்டக்கூடாது என்று கட்டட முகாமைக்குழு தடுத்துவிட்டது. தட்டு இரண்டு வருடம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பிறகு மனைவி அதில் மோர்மிளகாய் காயவைத்தாள். நீங்களும் அடுத்த வருடம் வெள்ளவத்தைப் பக்கம் வர யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். பெட்டி யாருக்குச் சொந்தம், வீடு மாறினால் எவ்வளவு, இரண்டாவது டீவிக்கு எவ்வளவு, இடையில் நிறுத்தினால் என்ன பிடிப்பார்கள்: நாலையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதற்கு ஒழுங்கை முனை வரைக்கும்தான் ஆயுள்.

இனி என் முடிவு. சுவர் வரைக்கும் பைபர் வருமானால் வயரை எடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு இணையம் எப்படியும் வேண்டும், அந்த இழையிலேயே டீவியும் வந்துவிடும். மாமியின் தமிழ்ச் சனல்கள் இருக்கும் மிகச் சின்னப் பக்கேஜ் போதும். செம்பு என்றால் வேண்டாம். அப்போது வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, வெயில் விழும் மூலையில் டிஷ் பூட்டுங்கள், அதுவும் முன்கூட்டிக் காசு போட்டுப் பார்க்கும் வகையில். ஊருக்குப் போகும் மாதம் காசு போடாமல் விடலாம். கிரிக்கெட்டுக்காகப் பெரிய பக்கேஜை வருடம் முழுக்க எடுக்கவேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர் கைமாறும். பெரிய ஆட்டம் வரும் மாதத்தில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் கூரையில் இருக்கும் பழைய அன்டெனாவைக் கழற்ற விடாதீர்கள். வருகிற பெடியன் "இனி இது தேவையில்லை அக்கா" என்பான். தமிழ்ச் சனல்களான, 1998இல் தொடங்கிய சக்தியும் 2009இல் தொடங்கிய வசந்தமும் ரூபவாஹினியின் நேத்ராவும் அதில் இன்னும் சும்மாதான் வருகின்றன.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் பத்தி எழுத்தாளன்