பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து

அன்று கடைசிப் பாடவேளை. திடலில் ஓடிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தடுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே ஆழமான வெட்டு. நான் திடலின் மறுகோடியில் இருந்தேன். அவனுக்கு மிக அருகில் நின்றவன் எங்கள் சாரணர் படை மாணவன். அன்று சாரணர் கூட்டம் இருந்ததால் முழுச் சீருடையில் இருந்தான். முதல் படிக்கான சின்னம் சட்டையில் இருந்தது. கட்டுப் போடத் தேவையான துணி ஸ்கார்ஃபாக அவன் கழுத்திலேயே இருந்தது. அவனோ, “சார், ரத்தம் சார்!” என்று கத்திக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான்.

சுத்தமான கைக்குட்டையைக் காயத்தில் வைத்து அழுத்தி, அவனுடைய ஸ்கார்ஃபை வாங்கிக் கட்டி, அடிபட்ட மாணவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். மூன்று தையல். பெரிய ஆபத்து எதுவும் இல்லை.

மாலையில் சாரணர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஓடிவந்த மாணவனின் பெயருக்கு நேரே ‘முதலுதவி – தேர்ச்சி’ என்று எழுதி என் கையெழுத்து இருந்தது. அதே தேதியில் இன்னும் 10 பேருக்கும் இருந்தது. ஒரே மதியத்தில் 11 பேர்! அன்று என்ன நடந்தது என்று யோசித்தேன். முதலுதவிப் பெட்டியில் உள்ள பொருள்களின் பெயர்களை எல்லாரும் சொன்னார்கள். ஒரு மாணவன் இன்னொருவன் கையில் கட்டுப் போட்டுக் காட்டினான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் அனைவருக்கும் கையெழுத்திட்டேன்.

அந்த மாணவன் மீது தவறில்லை. அவனுக்குத் தெரியாததைத் தெரியும் என்று எழுதிக்கொடுத்தவன் நான்.

படிகள் எதற்காக?

சாரணர் இயக்கத்தில் பொறுப்பில் இல்லாத ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சேரும் மாணவர் முதலில் ‘பிரவேஷ்’ என்னும் நுழைவு நிலையை முடித்து உறுதிமொழி ஏற்கிறார். அதன்பின் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என மூன்று படிகள். அவற்றைக் கடந்தவர்கள் மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், அதன்பின் குடியரசுத் தலைவர் விருதுக்கும் செல்லலாம். ‘சோபான்’ என்பது நாம் சோபானம் என்று சொல்லும் அதே சொல்தான்; படிக்கட்டு என்று பொருள்.

செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு பழகிய தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே ஏணிப்படி இருந்தது. ஒரு குழந்தை தன் வேகத்தில் ஏறியது. ஒரு படி முடிந்ததா என்று ஆசிரியர் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு அனுப்பினார். சாரணர் படிகளின் அடிப்படையும் அதுவே. இங்கே தரவரிசை கிடையாது; முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. “உனக்கு இது செய்ய வருமா?” என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே விடை எழுதிவிட்டால் படிக்கட்டில் என்ன மிஞ்சும்?

வேப்பமரத்தடியில் ஒரு விவாதம்

அடுத்த மாதம் எங்கள் வட்டாரத்துச் சாரண ஆசிரியர்கள் கூடினோம். கொடி இறக்கிய பிறகு ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நடந்ததைச் சொன்னேன்.

சக ஆசிரியர் ஒருவர் உடனே சொன்னார்: “சார், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. ஒவ்வொரு படிக்கும் இடையில இத்தனை மாசம் இருக்கணும்னு விதி இருக்கு. பத்தாம் வகுப்பு போயிட்டா பையன் கூட்டத்துக்கே வரமாட்டான். நமக்குக் கிடைக்கிறது வாரத்துக்கு ஒரு பாடவேளை. கொஞ்சம் விட்டுக்கொடுத்தா ஒரு ஏழைப் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்குது. அதுல என்ன தப்பு?”

அவர் சோம்பேறி இல்லை. சொந்தப் பணத்தில் மாணவர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர். அவர் சொன்ன நெருக்கடி எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு சாரணியர் பொறுப்பாசிரியை ஒருவர் சொன்னார்: “நம்ம கையெழுத்தைப் பார்த்து மத்தவங்க ஏமாறலாம் சார். அந்தப் பிள்ளை ஏமாறாது. தனக்கு வராதுன்னு அதுக்குத் தெரியும். பெரியவங்க இப்படித்தான் எழுதுவாங்கன்னு அது கத்துக்கும்.”

எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற சாரண ஆசிரியரிடம், “ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டோம். அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் மூன்று கட்டம் போட்டார். “நாம செய்யறதை எல்லாம் இதுல பிரிச்சுப் போடுங்க. ஒண்ணு விதி, ஒண்ணு மரபு, ஒண்ணு வெறும் பழக்கம். எது எதுல வருதுன்னு தெரிஞ்சா பாதிச் சண்டை தீர்ந்துடும்” என்றார்.

விதி: வளைப்பது வேறு, வழி காண்பது வேறு

முதலில் விதி. உறுதிமொழி, ஒன்பது சாரணர் விதிகள், படிகளுக்கான தேர்வுகள், இடைவெளி மாதங்கள் ஆகியவை இந்தக் கட்டத்தில் வந்தன. சாரணர் விதிகளில் முதலாவது, சாரணர் நம்பிக்கைக்குரியவர் என்பது. அதைச் சொல்லிக்கொடுக்கும் நாமே பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால், மற்ற எட்டையும் எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது?

ஆனால் விதி என்றால் இரும்பு என்று பொருளில்லை. நம் உறுதிமொழியில் கடவுள் என்று வரும் இடத்தில், விரும்புபவர்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்ள விதியே இடம் தருகிறது. ‘என்னால் இயன்றதைச் செய்வேன்’ என்றுதான் உறுதிமொழியும் சொல்கிறது.

சாரணிய ஆசிரியை தன் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். பிறவியிலேயே வலது கை வலுவில்லாத குழந்தை. முடிச்சுத் தேர்வு வந்தபோது, “பாவம், போட்டுவிடலாம்” என்று சிலர் சொன்னார்களாம். இவர் கையெழுத்துப் போடவில்லை. தேர்வை நிறுத்தவும் இல்லை. “முடிச்சு சரியாக விழ வேண்டும் என்றுதானே இருக்கிறது? இரண்டு கையால் போட வேண்டும் என்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டு, கயிற்றை மாணவியிடமே கொடுத்தார். அவள் ஒரு முனையை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, இடக்கையாலும் பல்லாலும் பழகினாள். மூன்று வாரம் ஆனது. இப்போது அந்த அணியில் புதிதாகச் சேருபவர்களுக்கு முடிச்சு சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவளுக்குச் சின்னம் மட்டும் கிடைத்திருக்கும்.

மரபு: காரணம் சொன்னால்தான் வாழும்

இரண்டாவது கட்டம் மரபு. சாரணர்கள் இடது கையால் கைகுலுக்குவார்கள். நம் வீடுகளில் இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோம். ஆகவே ஆறாம் வகுப்புக் குழந்தைகள் முதல் நாள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து, “என்ன சார், பிள்ளைக்குப் பீச்சாங்கையை நீட்டக் கத்துக்கொடுக்கிறீங்க?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

இயக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையை அவருக்குச் சொன்னேன். ஆப்பிரிக்காவின் அசாந்தி வீரர்கள் கேடயத்தை இடது கையில் பிடிப்பார்களாம். ஒருவர் இடது கையை நீட்டினால் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டார் என்று அர்த்தம். உன்னை முழுமையாக நம்புகிறேன் என்று பொருள். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படின்னா சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். வணக்கம் செய்யும்போது மூன்று விரல் நிமிர்வதும் இப்படித்தான். உறுதிமொழியின் மூன்று பகுதிகளை அது நினைவூட்டுகிறது. காரணம் சொல்லாவிட்டால் மரபு வெறும் உடற்பயிற்சியாகிவிடும்.

மரபு மாறாதது என்றும் நினைக்க வேண்டாம். பேடன் பவல் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் சிறுவர்கள் மட்டுமே இருந்தார்கள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பேரணிக்குச் சிறுமிகள் தாங்களாகவே வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு சாரணியர் இயக்கம் பிறந்தது. இந்தியாவில் 1909இல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கியபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. இதை ஏற்காமல் அன்னி பெசன்ட், அருண்டேல் ஆகியோர் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் இணைந்து 1950 நவம்பர் 7இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர். ‘வழக்கமாக இப்படித்தான்’ என்பதை யாரோ கேள்வி கேட்டதால்தான் நம் பிள்ளைகள் இன்று இந்தச் சீருடையை அணிகிறார்கள்.

பழக்கம்: எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மூன்றாவது கட்டத்தில்தான் எங்களுக்குச் சங்கடம். சில முகாம்களில் இரவு கேம்ப் ஃபயரின்போது, புதிதாகச் சேர்ந்த மாணவனை நடுவில் நிறுத்தித் தவளை போலக் குதிக்கச் சொல்லிச் சிரிப்பது உண்டு. “எங்களையும் அப்படித்தான் செய்தார்கள்” என்பார்கள் மூத்த மாணவர்கள். என் படையிலும் அது நடந்தது. ஒரு மாணவன் அதன்பிறகு கூட்டத்துக்கே வரவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

“இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்று கேட்டார் பெரியவர். எதிலும் இல்லை. “இதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?” என்றார். ஒன்றும் இல்லை. விதியும் இல்லாமல் காரணமும் இல்லாமல் நடப்பது வெறும் பழக்கம். அதை அன்றே விடலாம். இப்போது எங்கள் முகாமில் புதிதாகச் சேர்ந்தவர்தான் தீ மூட்டுகிறார்.

மொத்தமாகக் கையெழுத்திடும் என் வழக்கத்தையும் அதே கட்டத்தில்தான் போட வேண்டியிருந்தது.

மாணவர்கள் எடுத்த முடிவு

திரும்பி வந்ததும் அணித்தலைவர்களின் அவையைக் கூட்டினேன். இதைக் ‘கோர்ட் ஆஃப் ஹானர்’ என்பார்கள். 6 முதல் 8 பேர் கொண்ட ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர். படையின் காரியங்களை இந்தத் தலைவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் பெரும்பாலும் பெயரளவில்தான் இருந்தது.

“முதலுதவியில் நான் சரியாகச் சோதிக்காமல் 11 பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தவறு என்னுடையது. என்ன செய்யலாம்?” என்று நான்கு தலைவர்களிடமும் கேட்டேன். ஆசிரியர் இப்படிச் சொல்வது அவர்களுக்குப் புதிது. ஒருவன், “சின்னத்தை எல்லாம் திரும்ப வாங்கிடலாம் சார்” என்றான். இன்னொருவன், “தப்பு சாரோடதுன்னா அவங்க ஏன் கழட்டணும்?” என்று கேட்டான். அரைமணி நேரம் பேசினார்கள். யாருடைய சின்னத்தையும் பறிப்பதில்லை. ஆறு வாரத்துக்குள் 11 பேரும் தனித்தனியாக மீண்டும் செய்து காட்ட வேண்டும் என்று முடிவானது. கடைசியில் ஒன்று சேர்த்தார்கள்: “சாரும் செய்து காட்ட வேண்டும்.”

செய்து காட்டினேன். கைத்தூளி கட்டும்போது முடிச்சை எலும்பின் மேலேயே போட்டுவிட்டேன். அணித்தலைவன் ஒருவன்தான், “சார், கொஞ்சம் தள்ளிப் போடுங்க, அழுத்தும்” என்று திருத்தினான்.

அன்று திடலில் ஓடிவந்த மாணவன், யாரும் சொல்லாமலேயே தன் சின்னத்தைக் கழற்றி ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். நான் கேட்கவில்லை.

பள்ளியில் செய்யக்கூடியவை

எங்களுக்குப் பயன்பட்ட சிலவற்றை மட்டும் பகிர்கிறேன்.

1. ஒரே நாளில் படை முழுவதையும் சோதிப்பதில்லை. வாரம் ஓர் அணி. அணிக்கு 7 பேர் என்றால் நான்கு வாரத்தில் 28 பேரையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். மற்ற அணிகள் அந்த நேரத்தில் தலைவருடன் பயிற்சி செய்யும்.

2. கற்பிப்பது அணித்தலைவர், பார்ப்பது ஆசிரியர். கற்பித்தவரே தேர்ச்சியும் சொல்லும்போது கண் கொஞ்சம் மூடிக்கொள்கிறது.

3. பெயர் கேட்பதில்லை, செயல் கேட்கிறோம். “ரீஃப் முடிச்சு போடு” என்பதற்குப் பதிலாக, “இவன் கையில் கட்டிய துணி அவிழக் கூடாது, உறுத்தவும் கூடாது, என்ன செய்வாய்?” என்று கேட்கிறோம்.

4. ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் ஒருமுறை கேட்கிறோம். மறந்திருந்தால் குறையில்லை; மீண்டும் பழகுவார்கள்.

5. வராத மாணவருக்கு ‘தோல்வி’ என்று எழுதுவதில்லை. ‘இன்னும் இல்லை’ என்று பென்சிலால் எழுதுகிறோம்.

வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவேட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாம் இடும் ஒவ்வொரு குறியும் ஒரு குழந்தையைப் பற்றி நாம் சொல்லும் சாட்சி.

ஐந்தாவது வாரம் அந்த மாணவன் வந்தான். அணித்தலைவன் தன் காலில் சிவப்பு மையால் ‘காயம்’ வரைந்து படுத்திருந்தான். இவன் கை நடுங்கவில்லை. மடித்த துணியை வைத்து அழுத்தினான். காலை உயர்த்திப் பிடித்தான். பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, “நீ போய் சாரைக் கூட்டிட்டு வா” என்றான். நான் பக்கத்திலேயே நிற்பதை மறந்துவிட்டான். தன் ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கட்டினான்.

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இப்போது இரண்டு தேதிகள் இருக்கின்றன. முதல் தேதியை அடித்து, பக்கத்தில் ‘பார்க்காமல் இட்டது’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது தேதிக்குக் கீழே என் கையெழுத்து. அவன் ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து, சின்னத்தை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டான்.