விதை கொடுத்தா மாசத்தையும் சேர்த்துக் கொடுங்க

ஆடி நெருங்குகிறது. திண்டுக்கல் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் விதைப் பொட்டலங்கள் இனி நடமாட ஆரம்பிக்கும். காலண்டர் தாளில் மடித்த சுரை விதை, மாத்திரை டப்பாவில் கத்தரி விதை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வந்த கீரை விதை. கூடவே யோசனைகளும் வரும்: சாம்பல் போடு, முட்டை ஓடு போடு, மோர் தெளி. நாட்டு விதைகள் இன்றைக்கும் உயிரோடு இருப்பதே இப்படிக் கைமாறி வந்ததால்தான். ஆனால் பொட்டலத்தில் விதை மட்டும்தான் வருகிறது. அது எந்த மாசத்துக்கானது, எந்தத் தண்ணீரில் விளைந்தது என்ற சேதி வருவதில்லை. அதனால் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

அவரையில் ஆரம்பிக்கிறேன். எங்கள் தெருவில் அதிகம் பேர் ஏமாந்தது அதில்தான். நத்தம் பக்கமிருந்து வந்த பந்தல் அவரை விதையைப் போன வருசம் மாசியில் இரண்டு வீட்டில் போட்டார்கள். முளைப்பு அருமை. சித்திரை வெயிலையும் தாங்கிக் கொடி மாடிக்கம்பி வரை ஏறிவிட்டது. பூ மட்டும் இல்லை. ஆவணியில் பக்கத்து வீட்டு மதினி, "மலட்டு விதை"ன்னு சொல்லி அரிவாளோடு வந்துவிட்டார். "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க மதினி"ன்னு சொல்லிப் பார்த்தேன். "ஆறு மாசமாப் பொறுத்தாச்சு. தண்ணி நீங்களா சொமக்குறீங்க தம்பி?"ன்னு கேட்டார். அறுத்தும் போட்டுவிட்டார். எதிர்வீட்டில் நிழலுக்காவது ஆகட்டும் என்று விட்டுவைத்த கொடி ஐப்பசியில் பூத்து, தை வரைக்கும் காய்த்தது. இரண்டும் ஒரே பொட்டலத்து விதை.

நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகி, இரவு நீளும்போதுதான் பூக்கும். நம்ம திண்டுக்கல்லில் ஆனி வாக்கில் பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். மார்கழியில் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். நமக்கே சரியாகத் தெரியாத அந்த வித்தியாசம் செடிக்குத் தெரிகிறது. மாசியில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் அது பூக்கப்போவது ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான். மாசியில் போட்டவருக்கு ஐந்து மாசத் தண்ணீர் தண்டம்.

அமெரிக்க விவசாயத் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். அவர்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்தது புகையிலை. ஒரு ரகப் புகையிலை கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால் பூக்கும். உரமும் இல்லை, குளிரும் இல்லை, பகலின் நீளம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சுருட்டுக்குப் பேர்போன ஊர், வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே உள்ள மாவட்டம். நமக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. நம்ம பாட்டிமார் இந்த விளக்கமெல்லாம் இல்லாமலே ஆடியில் அவரைக் குழி எடுத்தார்கள்.

சிறகவரையும் இதே குணம். நாட்டு மொச்சை, நாட்டுத் துவரையும் அப்படித்தான். செடி அவரை என்று விற்கிற குட்டை ரகங்கள் வேறு. அவை பகல் நீளம் பார்க்காமல் காய்க்கும். அதனால் யாராவது அவரை விதை நீட்டினால் முதல் கேள்வி, "பந்தலா, செடியா?" டவுனுக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று: விடிய விடிய தெருவிளக்கு வெளிச்சம் கொட்டுகிற இடத்தில் பந்தல் போடாதீர்கள். அந்தக் கொடிக்கு இரவு வந்ததே தெரியாது, பூப்பது தள்ளிப்போகும்.

தக்காளிக்குப் பகல் நீளம் பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். கோடையில் பூ உதிர்கிறது என்று கேட்பவருக்குப் பத்து விதமான கரைசல் சொல்கிறோம். நிழல் வலை கட்டுங்க, இல்லாவிட்டால் ஆவணியில் நடுங்க என்று சொன்னால் போதும்.

அடுத்தது தண்ணீர். டவுனில் குழாய்த் தண்ணீர் ஆத்தூர் காமராசர் அணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் வருகிறது. அது குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். செடிக்கு ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். பல தெருக்களில் அது உப்பு. தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளைக் கேட்கவே வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதா? இலை ஓரம் கருகுகிறதா? அப்படியானால் சாம்பல் யோசனை உங்களுக்கு இல்லை. கொடைக்கானல் மாதிரி மழை அரித்த மலை மண்ணில் அமிலத்தன்மை அதிகம், அங்கே சாம்பல் நல்லது செய்யும். நம்ம சமவெளியில் தண்ணீரே சுண்ணாம்பையும் உப்பையும் கொண்டுவந்து கொட்டுகிறது. அதன் மேல் சாம்பலும் முட்டை ஓடும் எதுக்கு? தென்னை நார்க் கழிவையும் அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்குங்க.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் பீன்ஸ், கேரட், வெங்காயத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொத்தவரை, பீட்ரூட், பாலக்கீரை ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவத்துக்கு மட்டுமாவது மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்க. தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய வேண்டும், மக்கு உரம் தாராளமாக இருக்க வேண்டும். ஐப்பசி மழை தொட்டி உப்பை அலசிவிடும், அப்போது தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்காதீர்கள்.

இனி, எந்த விதையை நம்பிக் கொடுக்கலாம்? தக்காளி, அவரை, தட்டைப்பயறு இவை பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை. விதை எடுத்துத் தைரியமாகக் கொடுக்கலாம். சுரை அப்படியில்லை. உங்கள் வீட்டில் குண்டுச் சுரை, இரண்டு வீடு தள்ளி நீட்டுச் சுரை என்றால், அந்த விதையில் எது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு வழி இருக்கு. சுரைப்பூ சாயங்காலம் விரியும். மறுநாள் விரியும் என்று காத்திருக்கக் கூடாது. விரியப்போகிற அன்று மதியமே ஓர் ஆண் மொக்கையும், அடியில் பிஞ்சோடு இருக்கிற ஒரு பெண் மொக்கையும் மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்க. பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி மூடிவிடுங்க. இரண்டு நாளில் துணியை எடுத்துவிட்டு அந்தக் காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டால், வீட்டில் யாரும் கூட்டு வைக்கப் பறிக்க மாட்டார்கள். ஓடு முற்றிய பிறகு விதை எடுக்கலாம். பீர்க்குப் பூவும் சாயங்காலம்தான் விரியும். பூசணியும் பாகலும் காலையில்.

பொட்டலத்தின் மேல் ஐந்து சேதி எழுதச் சொல்லி எங்கள் தெருவில் பழக்கி வருகிறேன். எதிர்வீட்டு அவரைப் பொட்டலத்தில் இப்போது இப்படி இருக்கு: "பந்தல் அவரை. நத்தம் விதை. மாசியில் போட்டது, ஐப்பசியில் பூத்தது. உப்புத் தண்ணி. ஆடியில் போடவும்." இதில் பூத்த மாசம்தான் முக்கியம். அதைத்தான் எல்லாரும் எழுத மறக்கிறார்கள்.

இந்த ஆடிக்கு அவரை, சுரை, பீர்க்கு, பாகல் போடுங்க. நம்ம ஊருக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான்; ஆடியில் வருவது காற்று. தென்காசிக்காரர் சாரலை நம்பிச் சொல்கிற யோசனை இங்கே செல்லாது. மேல்காற்று இளங்கொடியை முறிக்காமலிருக்க வீட்டுக்குக் கிழக்கே குழி எடுங்க, முடியாதவர்கள் மேற்கே இரண்டு வரிசை மக்காச்சோளம் போடுங்க. கத்தரி, மிளகாய்க்கு இப்போது நாற்று விட்டால் ஆவணியில் நடலாம். எந்த விதையானாலும் பத்தை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்க. ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு இரண்டு விதை கூடப் போடுங்க. வாங்கிய விதை முழுவதையும் ஒரே தடவையில் போட்டுவிடாமல் பாதியைச் சாம்பலோ வேப்பிலையோ கலந்து எடுத்து வையுங்க. மதினிக்கு எதிர்வீட்டுப் பொட்டலத்தில் ஆறு விதை எடுத்து வைத்திருக்கிறேன்.