பெட்டி எங்கே இருக்குன்னு போன் சொல்லும்; திரும்பக் கொண்டுவர என்ன செய்யணும்?

இரவு ஒன்றரை மணி. துபாயிலிருந்து வந்த விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டது. குடியேற்றச் சோதனை முடித்து, கன்வேயர் பெல்ட் முன்னால் நிற்கிறீர்கள். ஒவ்வொரு பெட்டியாக வருகிறது. ஆட்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் பெல்ட் நின்றுவிட்டது. உங்க பெட்டி மட்டும் வரலை.

வெளியே ஆவடியிலிருந்து கார் எடுத்துக்கிட்டு வந்த அப்பா காத்திருக்கார். வீட்டுக்கு இன்னும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் போகணும். "சரி, காலையில போன் பண்ணிப் பார்த்துக்கலாம்"னு மனசு சொல்லும். போயிடாதீங்க. அந்த ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு.

இப்போது பலர் பெட்டிக்குள் சின்னதாக ஒரு டிராக்கர் போட்டு அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் டிராக்கர் பெட்டி இருக்கும் இடத்தை மட்டும்தான் காட்டும். பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவது நீங்கள் கொடுக்கும் புகாரும், கையில் வைத்திருக்கும் சீட்டும்தான். இந்த மாதப் பாடத்தில் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்வோம்.

டிராக்கர் எப்படி வேலை செய்கிறது?

நிறைய பேர் இதை ஜி.பி.எஸ். கருவி என்று நினைக்கிறார்கள். ஏர்டேக் மாதிரியான சின்ன டிராக்கர்களில் ஜி.பி.எஸ். கிடையாது, சிம் கார்டும் கிடையாது. உள்ளே முக்கியமாக இருப்பது ஒரு புளூடூத் சில்லும், பட்டன் பேட்டரியும்தான். அது "நான் இங்கே இருக்கேன்" என்று சன்னமாக ஒரு சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகும் யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தோடு சேர்த்து இணையம் வழியாக அனுப்பிவிடும். அந்தத் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அனுப்பிய போன்காரருக்கு அது யாருடைய பெட்டி என்று தெரியாது. உங்களுக்கும் அவர் யார் என்று தெரியாது.

ஆக, சுற்றிலும் போன்கள் இருந்தால்தான் டிராக்கர் பேசும். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஊழியர் கையிலும் போன் இருக்கு, அதனால் அங்கே நன்றாகவே வேலை செய்யும். பறக்கும்போதும், ஆள் நடமாட்டம் இல்லாத கிடங்கிலும் அமைதியாகிவிடும்.

உங்க போனுக்கு எது பொருந்தும்?

வாங்கும்போது ஏமாறும் இடம் இதுதான். ஆப்பிளின் ஏர்டேக் 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. அப்போது ஒன்றின் விலை 3,190 ரூபாய். அதை ஐபோனில்தான் அமைக்க முடியும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் வாங்கினால் பயன் இல்லை. சாம்சங் ஸ்மார்ட்டேக், சாம்சங் கேலக்ஸி போன்களுக்கானது. மற்ற ஆண்ட்ராய்டு போன்காரர்கள், கூகுளின் "ஃபைண்ட் ஹப்" வலையமைப்பில் சேரும் டிராக்கரைப் பார்க்கணும். 2024 டிசம்பரில் 1,499 ரூபாய்க்கு வந்த ஜியோடேக் கோ இந்த வகை. பெயரில் ஏமாறாதீங்க: அதே ஆண்டு வந்த ஜியோடேக் ஏர், ஆப்பிளின் "ஃபைண்ட் மை" வலையமைப்பில் சேரக்கூடியது.

எந்த நிறுவனத்தையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பெட்டியின் மேல் "ஃபைண்ட் மை" என்று போட்டிருக்கா, "ஃபைண்ட் ஹப்" என்று போட்டிருக்கா என்று மட்டும் பார்த்து வாங்குங்க.

புறப்படும் முன், வீட்டிலேயே

1. டிராக்கரை போனோடு இணைத்து, "அம்மா பெரிய பெட்டி", "நீல சூட்கேஸ்" என்று அடையாளம் புரியும் பெயர் வையுங்க.

2. பேட்டரி பாருங்க. பெரும்பாலானவற்றில் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரிதான். ஏர்டேக்கில் ஓராண்டுக்கு மேல் வரும். குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் சில ஏர்டேக்கில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனால் மாற்றியவுடன் சோதிச்சுப் பாருங்க. கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

3. ஆண்ட்ராய்டில் ஃபைண்ட் ஹப் அமைப்புகளுக்குள் போங்க. வழக்கமாக "ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும்" என்றுதான் இருக்கும். அதாவது பல போன்கள் பார்த்தால்தான் இடம் காட்டும். "எல்லா இடங்களிலும்" என்று மாற்றினால், உங்க போனும் மற்றவர்களுக்குக் கூடுதலாக உதவும்.

4. டிராக்கரைப் பெட்டியின் உள் ஜிப் பையில் போடுங்க. வெளியே தொங்கவிட்டால் அறுந்து போகும். முழுக்க அலுமினியத்தால் ஆன பெட்டி என்றால் சிக்னல் குறையும்.

5. வயதான அப்பா அம்மா தனியாகப் பயணம் செய்தால் அவர்கள் பெட்டியின் டிராக்கரை உங்க போனிலும் பகிர்ந்து வையுங்க. ஏர்டேக்கை 5 பேர் வரை பகிரலாம். பகிராமல் உங்க டிராக்கரை அவங்க பையில் போட்டால், "தெரியாத டிராக்கர் உங்களோடு வருகிறது" என்று அவங்க போன் எச்சரிக்கும், பயந்துடுவாங்க.

"விமானத்தில் இதை விடுவாங்களா?" என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் முதலில் கூடாது என்று சொல்லி, சில நாளிலேயே ஜெர்மன் விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் பேசி அனுமதித்தது. டிராக்கர் பேட்டரியில் லித்தியம் உலோகம் 0.3 கிராமைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. சி.ஆர்.2032-ல் இருப்பது சுமார் 0.1 கிராம்தான். ஆனால் பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. அது கைப்பையில்தான்.

திரையை எப்படிப் படிப்பது?

வரைபடத்தில் புள்ளியைப் பார்க்கும் முன், அதன் கீழே இருக்கும் நேரத்தைப் பாருங்க. "துபாய், 4 மணி நேரத்துக்கு முன்" என்று காட்டினால், பெட்டி துபாயிலேயே கிடக்கிறது என்று அர்த்தம் இல்லை. கடைசியாக ஒரு போன் அதைப் பார்த்தது அங்கே, அவ்வளவுதான். பெட்டி உங்க விமானத்திலேயே வந்து, இன்னும் சென்னைத் தரப்பில் எந்தப் போனும் பார்க்காமல் இருக்கலாம். "துபாய், 2 நிமிடத்துக்கு முன்" என்றால் கதை வேறு. பெட்டி வரவே இல்லை.

உடனே பதறவும் வேண்டாம். முதல் பெட்டி 10 நிமிடத்திலும், கடைசிப் பெட்டி 30 நிமிடத்துக்குள்ளும் பெல்ட்டுக்கு வந்தாகணும் என்று சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2024 பிப்ரவரியில் 7 இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த நேரம் தாண்டியும் வரலைன்னா, அடுத்த வேலைக்குப் போங்க.

பெட்டி வரலையா? ஹாலை விட்டு வெளியேறாதீங்க

பெல்ட் இருக்கும் ஹாலிலேயே விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுன்டர் இருக்கும். அங்கே பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. அதற்குத் தேவை: போர்டிங் பாஸ், செக்-இன் சமயத்தில் ஒட்டிக் கொடுத்த பேக்கேஜ் சீட்டு. அந்தச் சீட்டில் இருக்கும் 10 இலக்க எண்தான் உங்க பெட்டியின் அடையாளம். சீட்டைச் செக்-இன் கவுன்டரிலேயே போட்டோ எடுத்துடுங்க. பெட்டியையும் ஒரு போட்டோ எடுங்க. "கறுப்பு கலர், மீடியம் சைஸ்" என்று சொன்னால் அந்த விவரத்துக்கு நூறு பெட்டி பொருந்தும்.

பதிவு ஆனதும் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். சென்னையில் போட்டால் வழக்கமாக அது எம்.ஏ.ஏ. என்று தொடங்கும்; அதுதான் சென்னை விமான நிலையத்தின் குறியீடு. அந்த எண் இல்லாமல் வெளியே வராதீங்க. முகவரியில் "அம்பத்தூர்" என்று மட்டும் எழுதாமல் கதவு எண், தெரு, பின்கோடு, இரண்டு போன் எண் எழுதுங்க. பெட்டி கிடைத்தால் அந்த முகவரிக்குத்தான் அனுப்புவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. வராத பெட்டிக்கு விமான நிறுவனத்திடம் ஒரு சான்று வாங்கி, சுங்க அதிகாரியின் கையெழுத்தும் பெறுங்க. நீங்கள் பயன்படுத்தாத தீர்வையில்லாச் சலுகை எவ்வளவு என்று அதில் குறித்துத் தருவார்கள். பெட்டி பின்னால் வரும்போது அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்கும்.

இப்போது டிராக்கரைக் காட்டுங்க. திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தோடு புகாரில் சேர்க்கச் சொல்லுங்க. ஐபோனில் இன்னும் வசதி உண்டு: பெட்டி இருக்கும் இடத்தை ஒரு இணைப்பாக விமான நிறுவனத்துடன் பகிரலாம். 7 நாளில் அது தானாகக் காலாவதியாகும். நீங்களும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஏர் இந்தியா 2025 ஏப்ரலில் தன் செயலியில் இதை இணைத்தது.

இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று 2025 டிசம்பர் தொடக்கத்தில் பார்த்தோம். இண்டிகோ விமானங்கள் நாடு முழுவதும் ரத்தாகி, சென்னை உட்படப் பல நிலையங்களில் பயணிகள் தவித்தார்கள். பயணிகளிடமிருந்து பிரிந்த பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து உரியவரிடம் சேர்க்கும்படி ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. அத்தனை பெட்டிகள் குவிந்து கிடக்கும்போது, எது யாருடையது என்று சொல்வது அந்த 10 இலக்க எண்தான்.

வேறொருவர் வீட்டில் காட்டினால்?

2022 மார்ச்சில் பாட்னாவிலிருந்து பெங்களூரு போன ஒரு பயணியின் பெட்டி, அதேபோல இருந்த இன்னொருவர் பெட்டியோடு மாறிவிட்டது. வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடைசியில் இருவரும் வழியில் சந்தித்து மாற்றிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மாறாட்டமும் நடக்கும். எல்லாமே திருட்டு இல்லை. அதனால் பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் பெயரும் போன் எண்ணும் எழுதி வையுங்க. கைப்பிடியில் ஒரு கலர் ரிப்பன் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

புள்ளி பூந்தமல்லியில் ஏதோ ஒரு தெருவில் நிற்கிறது என்றால் நேரில் போய்க் கதவைத் தட்டாதீங்க. அடுக்குமாடியில் எந்த வீடு என்று டிராக்கரால் துல்லியமாகச் சொல்ல முடியாது. தப்பான வீட்டில் சண்டை வரும். முதலில் விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்க. திருட்டு என்று சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்க. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெறணும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் 2022-ல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தில் வருகின்றன.

நாள் கணக்கும் பணக் கணக்கும்

சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதன்படி:

• பெட்டி உடைந்திருந்தால், கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரணும்.
• தாமதமாக வந்திருந்தால், வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்.
• வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வரலைன்னா, தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம்.
• வழக்கு என்றால் 2 ஆண்டுக்குள்.

பி.ஐ.ஆர். போட்டாச்சு, அதுவே போதும்னு இருந்துடாதீங்க. இழப்பீட்டுக் கோரிக்கையைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புங்க. அவசரத்துக்கு வாங்கிய துணி, மருந்து பில்களையும் எடுத்து வையுங்க.

உச்சவரம்பு, ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது 2024 டிசம்பர் 28 முதல் உள்ள கணக்கு; நம்ம பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். உள்நாட்டுப் பயணத்திலோ வரம்பு 20,000 ரூபாய்தான். கல்யாணப் பட்டும் நகையும் வைத்த பெட்டி தொலைந்தால் இந்தத் தொகை எந்த மூலைக்கு? நகை, பாஸ்போர்ட், சான்றிதழ், மாத்திரை எல்லாம் கைப்பையில்தான் வரணும்.

விமான நிறுவனம் பதில் தரலைன்னா, ஒன்றிய அரசின் ஏர்சேவா செயலியில் குறிப்பு எண்ணோடு புகார் பதியுங்க. அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போகணும்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்க குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விமான நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இன்றே செய்து பாருங்க

வீட்டில் இருக்கும் ஒரு பையில் டிராக்கரைப் போட்டு, அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் போகும் வீட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புங்க. போகும் வழியெல்லாம் திரையைப் பாருங்க. எந்த ஸ்டேஷனில் புள்ளி நகர்ந்தது, எவ்வளவு நேரம் பழைய இடத்தையே காட்டியது என்று குறிச்சு வையுங்க. ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டால், அந்த இரவு ஒன்றரை மணிக்குத் திரை சொல்வதைப் பதறாமல் படிப்பீங்க. பிறகு நேராகக் கவுன்டருக்குப் போவீங்க. அப்பா இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தால் பரவாயில்லை. கையில் அந்தக் குறிப்பு எண்ணோடு வெளியே வாங்க.