பழைய முகம், புதிய எஞ்சின்



பழைய வண்டியின் உருவத்தை வைத்து இன்றைய தொழிற்சாலையில் புதிதாகச் செய்யப்படும் வண்டியை ரெட்ரோ என்கிறார்கள். உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி போன்ற பெட்ரோல் டேங்க், குரோம் பூசிய நீண்ட சைலன்சர், வளைந்த இரும்பு மட்கார்டு எல்லாம் 1950களின் சாயல். உள்ளே இருக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் ஏபிஎஸ்ஸும் இந்த நூற்றாண்டின் சட்டம் கேட்பவை. வாங்குபவர் இந்த இரண்டில் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி.

இதற்கு நல்ல உதாரணம், பழைய புல்லட்டின் சாயலில் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932-இல் பிறந்தது. இந்திய ராணுவத்துக்காக இங்கே வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் புல்லட்டின் ஊரானது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு எஞ்சின் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் ஓடியது. மைசூரில் 1996-இல் நின்றுபோன ஜாவா 2018-இல் திரும்பி வந்தது, அறுந்த நூலை முடிச்சுப் போட்டதைப் போல. புல்லட்டுக்கு நூல் அறவில்லை. கிளாசிக்கின் தோற்றம் ஒட்டவைத்ததாகத் தெரியாததற்கு அதுவே காரணம்.

அந்தப் பழைய எஞ்சினை உதைத்துக் கிளப்புவது தனி வித்தை. ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஓரிடத்தில் அது இறங்க மறுத்து நிற்கும். அங்கே டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதையும் போட்டு ஒரே உதை. கணக்குத் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். போதாததற்கு கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்.

2021-இல் வந்த கிளாசிக்கில் கிக்கரே கிடையாது. பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர் பேட்டரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் 349 சிசி, 20.2 பிஎச்பி. சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 85.8 மி.மீ. இப்படி விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருக்கும் எஞ்சின், குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். புல்லட் சத்தம் என்று ஊரே சொல்வதன் ரகசியம் இதுதான். முந்தைய கிளாசிக்கில் எண்பதைத் தாண்டினால் ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் அதிர்ந்து கை மரத்துப்போகும். புதியதில் அந்த அதிர்வை எதிர்த்துச் சுழலும் பேலன்சர் தண்டு உண்டு. நெடுந்தூரம் போகிறவருக்கு இந்த ஒரு மாற்றமே பழைய வண்டியை விட்டுவிட்டுப் புதியதை வாங்கப் போதுமான காரணம்.

எடை 195 கிலோ. ஓடும்போது அது தெரியாது, நிற்கும்போது தெரியும். சரிவான வாசலில் வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்கும்போது, நெரிசலில் காலூன்றி ஊர்ந்து போகும்போது, இடுப்பும் கிளட்ச் பிடிக்கும் விரல்களும் கணக்குச் சொல்லும். ஹோண்டா சிபி350 சுமார் 187 கிலோ. 398 சிசி எஞ்சினுடன் 2023-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பீடு 400 இன்னும் இலேசு. சக்தியோ ஏறத்தாழ இரட்டிப்பு. வேகம் வேண்டுமென்றால் கிளாசிக்கை வாங்குவது தவறு. எண்பது, தொண்ணூறில் நிதானமாகப் போவதற்கென்றே செய்த வண்டி அது. முன்னால் போகும் பேருந்தைச் சட்டென்று முந்துவதற்கு அதில் மிச்சம் வைத்த சக்தி கிடையாது.

வரியும் கணக்கில் சேர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. மைலேஜ் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் வாக்கில் கிடைக்கும். தினமும் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டியே நியாயமானது.

சக்கரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கம்பிச் சக்கரம் கண்ணுக்கு அழகு. ஆனால் உள்ளே டியூப். ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும், சக்கரத்தைக் கழற்றாமல் பஞ்சர் ஒட்ட முடியாது. ஊருக்கு வெளியே இரவு ஒன்பது மணிக்கு இது நடந்தால் பாதிப் பயணம் போயிற்று. அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர். ஆணியோடே அடுத்த கடைவரை ஓட்டிப் போகலாம். தோற்றம் கொஞ்சம் குறைந்தாலும் தொலைதூரம் போகிறவர் அலாய் சக்கரம் வாங்குவதே நல்லது.

நிஜமான பழைய புல்லட்டையே வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கும், வார்ப்பிரும்பு எஞ்சினை அறிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவருக்கும் அது சரி. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். டிரம் பிரேக்கை நம்பி இன்றைய நெடுஞ்சாலையில் போக வேண்டும். ஒரே வண்டியை வைத்திருக்கும் இளைஞருக்குப் புதியதே பொருத்தம்.

முன்பணம் கட்டுமுன் டெஸ்ட் ரைடு ஐந்து நிமிடத்தில் முடியக் கூடாது. அரை மணி நேரமாவது ஓட்டி, நெரிசலிலும் ஒருமுறை நுழைந்து, பின்னால் ஓர் ஆளை ஏற்றியும் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் யார் உதவியும் இல்லாமல் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்ப்பதும் அவசியம்.