அவசரப் பெட்டிக்கு எந்த டார்ச்?

கேள்வி: 2024 அக்டோபர் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்து, கரண்டும் போனது. அந்த நேரம் பார்த்து சார்ஜ் டார்ச் எரியவில்லை. எதை வாங்கி வைக்கலாம்?
- ஒரு வாசகி, செல்லூர், மதுரை

பதில்: சார்ஜ் டார்ச் அன்றாடக் கரண்ட் கட்டுக்குச் சரி. மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் சார்ஜ் தானாகவே இறங்கிவிடும். அவசரப் பெட்டிக்கு ஏஏ பேட்டரி போடும் எல்இடி டார்ச்தான் தோது. அந்தப் பேட்டரி தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஆல்கலைன் வகையாகக் கேட்டு வாங்குங்கள், நீண்ட நாள் கெடாது. ஆனால் டார்ச்சுக்குள் போட்டே வைக்காதீர்கள். மதுரை வெக்கையில் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிட்டால், புதுசு போட்டாலும் எரியாது. தனிக் கவரில் போட்டு டார்ச்சோடு கட்டி வையுங்கள்.

வீட்டுக்கு 100 முதல் 200 லூமென் வெளிச்சம் தாராளம். அட்டையில் ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு மட்டுமே. இடுப்பில் குழந்தை, கையில் பை என்று வெளியேற வேண்டியிருந்தால் தலையில் மாட்டும் லைட்டே வசதி.

அறுந்து கிடக்கும் மின்கம்பி வெளிச்சத்தில் தெரிந்தால், கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை டார்ச்சை எரியவிட்டுப் பார்ப்பதும் அவசியம்.