மலைத்தேக்கத்தின் மேல்நீரும் அடிநீரும்



விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பள்ளிப் பிள்ளைகளின் பேச்செல்லாம் நீரைப் பற்றியதாகிவிடும். கேமரன் மலைக்குச் சென்று திரும்பிய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, "ஐயா, ரிங்லெட்டைத் தாண்டியதும் ஒரு பெரிய ஏரி இருக்கிறதே, அதில் ஏன் யாருமே குளிப்பதில்லை? தண்ணீர் அவ்வளவு குளிரா?" என்று வினவினான். ஓரிரு சொல்லில் விடை கூறி அவனை அனுப்ப மனம் வரவில்லை. ஆகவே இக்கட்டுரையை எழுதலானோம்.

அவன் கண்டது இயற்கை ஏரியன்று. பெர்த்தாம் ஆற்றை மறித்து, மின்னாற்றல் பெறும்பொருட்டு 1963ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டின் நீர்த்தேக்கமாகும். கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேல் அமைந்தது. நம் சிலாங்கூரிலும் இத்தகைய தேக்கங்கள் உண்டு. உலு கிள்ளானில், வெண்ணிறப் படிகக்கல் மலைத்தொடரின் அடியில், கிள்ளான் ஆற்றைத் தடுத்து 1958இல் கட்டப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை அவற்றுள் ஒன்று. ஆனால் அது தாழ்நிலத்தை ஒட்டியது. ரிங்லெட்டோ உயர்மலையில் உள்ளது. இவ்விரண்டையும் ஒப்பிட்டாலே பாடம் பாதி விளங்கிவிடும்.

மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். சுபாங் ஜெயாவில் நண்பகலில் 33 பாகை காயும்போது கேமரன் மலையில் 23 அல்லது 24 பாகையே இருக்கும். இரவில் அங்கே 15 பாகையை நெருங்குவதும் உண்டு. தேக்கத்து நீரும் தன் மேலுள்ள காற்றின் சராசரியை ஒட்டியே நிற்கும். தாழ்நிலத் தேக்கங்களின் மேற்பரப்பு பெரும்பாலும் 28 முதல் 31 பாகை. உயர்மலையிலோ 20 பாகையை ஒட்டி இருக்கும். நீச்சல் போட்டி நடைபெறும் குளங்களின் நீர் 25 முதல் 28 பாகைவரை இருத்தல் வேண்டும் என்பது விதி. மேலும், நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் கவர்ந்துவிடும். 20 பாகைக் காற்றில் மகிழ்ந்து ஓடியாடும் சிறுவன் 20 பாகை நீரில் சிறிது நேரத்திலேயே நடுங்கத் தொடங்குவது இதனாலேயே. மெலிந்த பிள்ளைகள் இன்னும் விரைவில் சோர்ந்துபோவர்.

அப்படியானால் வெதுவெதுப்பான தாழ்நிலத் தேக்கத்தில் அஞ்ச வேண்டியதில்லையே என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் தேவை. வெயிலின் வெப்பம் மேல்நீரில் தங்கிவிடுகிறது. வெப்பமான நீர் இலேசானது, அது மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது. அது அடியில் கிடக்கும். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 1,000 லிட்டர் நீர் 4 பாகையிலிருந்து 5 பாகைக்குச் சூடேறினால் அதே கொள்ளளவின் எடை ஏறத்தாழ 8 கிராம் மட்டுமே குறையும். 29 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறினாலோ 300 கிராம் குறைந்துவிடும்! ஆதலால் குளிர்நாடுகளைவிட நம் நாட்டில் மிகச் சிறிய வெப்ப வேறுபாடே நீரை இரண்டு அடுக்காகப் பிரித்துவிடப் போதுமானது. மேலே 30 பாகை, சில மீட்டர் கீழே 26 பாகை. இடையில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு.

இதனை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரு கண்ணாடிப் புட்டிகளை எடுங்கள். ஒன்றில் மை கலந்த இளஞ்சூட்டு நீரையும், மற்றொன்றில் பனிக்கட்டியால் குளிர்வித்த தெளிந்த நீரையும் விளிம்புவரை நிரப்புங்கள். சூட்டு நீர்ப் புட்டியின் வாயை அட்டையால் மூடித் தலைகீழாகக் குளிர்நீர்ப் புட்டியின்மேல் நிறுத்தி, அட்டையை மெல்ல உருவுங்கள். மை மேலேயே நிற்கும். குளிர்நீரை மேலே வைத்துச் செய்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டும் கலந்துவிடும். (அட்டையை உருவும் வேலையைப் பொறுமைசாலியிடம் கொடுங்கள், நம் மேசை விரிப்பில் அந்த மைக்கறை இன்னும் இருக்கிறது.)

இவ்வடுக்கை நாம் நூலில் படிப்பதற்கு முன்பே காலால் உணர்ந்திருக்கிறோம். சுபாங் ஜெயா நகரம் எழுவதற்கு முன் இவ்வட்டாரமெங்கும் தோட்டங்களும் ஈயக் குட்டைகளுமே இருந்தன. பண்டார் சன்வேயில் இன்று நீர்க்கேளிக்கைப் பூங்கா விளங்கும் பள்ளமும் முன்னாளில் ஈயம் தோண்டிய இடந்தான். நாம் வளர்ந்த தோட்டத்தின் எல்லையிலும் ஒரு குட்டை இருந்தது. மார்புவரை இதமான நீர். காலை நீட்டினால் பனிபோல் சில்லிடும். அதற்குக் கீழே தரையே இராது. நம்மைவிட இரண்டு வயது மூத்த சிறுவன் ஒருவன் ஒருநாள் அங்கே மூழ்கினான். அவன் தாய் நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த அக்கோலம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

இனி, பருவத்தைக் காண்போம். நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. மழையே நமக்குப் பருவம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்பிரல் மாதத்தை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும்; ஜூன், ஜூலையில் குறையும். வறண்ட மாதங்களில் அடுக்கு உறுதியாக நிற்கும். அடிநீரில் உயிர்வளி குன்றி, அழுகிய மணம் சேரும். கனமழையும் காற்றும் பல நாள் நீடித்தால் மேல்நீர் குளிர்ந்து, அடுக்கு குலைந்து, அடிநீர் மேலெழும். சில வேளைகளில் மீன்கள் செத்து மிதப்பதும் இதனாலேயே. மலையிலிருந்து வரும் சேற்றாறு குளிர்ந்தும் கனத்தும் இருப்பதால் மேல்நீரின் அடியில் நுழைந்து ஓடும். மேலே சலனமே தெரியாது. அடியில் ஓட்டம் இருக்கும்.

மழைக்காலத்தில் அணையின் கீழ்ப்புறத்து ஆறும் நம்பத்தக்கதன்று. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், பெருமழையின்பின் ரிங்லெட் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளக்காடாயிற்று; உயிர்களும் வீடுகளும் பறிபோயின. மேட்டு நிலங்களிலிருந்து பல்லாண்டு அடித்து வரப்பட்ட மண் அத்தேக்கத்தின் கொள்ளளவைப் பெரிதும் குறைத்திருந்தது.

ஆகவே, அம்மாணவனுக்கு நம் விடை இதுதான்: குளிர் ஒரு காரணமே; முதற்காரணமன்று. தேக்கத்தின் கரை குளத்துப் படிபோல் மெல்ல இறங்குவதில்லை. மலைச்சரிவே நீருக்குள் தொடர்கிறது. அடியில் சேறும் மரக்கட்டைகளும் கிடக்கின்றன. நீர் உறிஞ்சும் வாயில்களும் உள்ளன. குடிநீர்த் தேக்கமாயின் அது ஊரார் பருகும் நீர். அதில் இறங்க அனுமதியே கிடையாது.

பெற்றோர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். நீச்சலைக் காவலர் உள்ள பொது நீச்சல் குளத்திலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆற்றோரம் உணவருந்தச் செல்லும்போது, இறுக மூடிய காலியான ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கயிற்றில் கட்டி உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒருவன் மூழ்கினால் பின்னால் குதிக்காதீர்கள், கலனை எறியுங்கள். அது ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தாங்கும். நீருக்குள் உடலின் எடை பெரும்பாலும் நீராலேயே தாங்கப்படுவதால், தலையை மேலே நிறுத்த அவ்வளவே போதும்.